அண்ணன் அவளை ஓடவிடவில்லை

அண்ணன் பிறந்தது காரைக்காலில். வளர்ந்ததும் உழைத்ததும் இறந்ததும் சைகோனில். அண்ணனின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவர்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. “ரத்தம் எடுக்கிற டாக்டர்” என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடன்பிறந்த தங்கை என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மனம் இன்னும் நிலைக்கு வரவில்லை. எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா சைகோனின் கான் ஹொய் துறைமுகத்தில், சரக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் குமாஸ்தா. நகரத்துக்குப் போகும் கால்வாய்ப் பாலத்துக்குத் துறைமுகப் பக்கம், கூலிக்காரர்களின் வீடுகளுக்கு நடுவில் எங்கள் வீடு. அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணன்தான். பிரெஞ்சுப் பள்ளியில் முதலாவதாகத் தேறி, உதவித்தொகையில் பாரிஸ் போய் உடலியல் படித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயத்தில் அண்ணன் திரும்பி வந்து இறங்கினார்கள்.

“ஒங்களுக்குப் பைத்தியமாண்ணே?” என்று கேட்டேன்.

“மூட்ட தூக்குறவன் இங்கதானே இருக்கான்” என்றார்கள்.

அதுதான் அண்ணனின் ஆராய்ச்சி. மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில் ஒரு சிறிய அறை. துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமப்பவர் காலையில் என்ன சாப்பிடுகிறார், சுமக்கும்போது அவர் தசை எதை எரிக்கிறது, எப்போது சோர்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். யாருக்கும் ஊசி குத்தும் முன்னால் தனக்குக் குத்திக்கொள்வது அண்ணனின் வழக்கம். மூட்டையும் தானே முதலில் சுமப்பார்கள். துறைமுகத்துக்காரர்களுக்கு அது வேடிக்கை. “எங்க ரத்தத்த என்ன பண்றீங்க, மெஸியே? மீன் சாத்துல ஊத்திக்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டாராம். “ஊத்திப் பாத்தேன், உப்புப் பத்தல” என்று அவர்களுடைய வியட்நாம் மொழியிலேயே அண்ணன் சொல்ல, அன்று எல்லோரும் கையை நீட்டினார்களாம்.

என் மகள் லூசிக்குச் சிறு வயதிலிருந்தே ஓட முடியாது. நாலு எட்டு ஓடினால் கால் கட்டையாகிவிடும். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். வீட்டில் ஊட்டம் போதவில்லை என்று மாட்டெலும்புச் சாறு கொடுத்தோம். அண்ணனும் முதலில் தவறாகத்தான் நினைத்தார்கள். உழைத்தால் தசை உரப்படும் என்பதைத் துறைமுகத்தில் தினமும் பார்த்தவர்கள் அல்லவா? சிறிய அரிசிப் பை ஒன்றைக் கொடுத்து அவளை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டே செய்தாள். அன்று மாலை அவள் சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்துப் போனது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தன் தவறு புரிந்தது. தசை உடைந்து ரத்தத்தில் கரைந்திருக்கிறது, மீண்டும் நேர்ந்தால் சிறுநீரகம் நின்றுபோகும், பிள்ளை தங்கமாட்டாள் என்றார்கள். பிறகு லூசியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

அவள் தேறிய பிறகு, ரப்பர்ப் பந்து ஒன்றைப் பிசையச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். நாம் எல்லோரும் தசையை வருத்தினால் ரத்தத்தில் ஒரு புளிப்பு ஏறுமாம். அவளுக்கு ஏறவில்லை.

“அவ தசைக் கிட்டங்கி நெறைய சர்க்கர மூட்ட அடுக்கியிருக்கு, கதவுதான் தொறக்க மாட்டேங்குது” என்று எனக்கு விளக்கினார்கள். “அவசரத்துக்கு உள்ளேருந்து எடுக்க முடியாது. வெளியிலேருந்து ரத்தம்ங்கிற படகுல வரணும். அதுவரைக்கும் மெதுவா நடந்தாள்னா, பொறவு எவ்வளவு தூரமும் நடப்பா.”

எவ்வளவு நேரம் மெதுவாக நடக்க வேண்டும் என்பதற்கு அண்ணன் கடிகாரம் கொடுக்கவில்லை. “கடிகாரத்தப் பாத்தா புள்ள பதறுவா. செபமாலை சொல்லட்டும்” என்றார்கள். கோவில் பக்கமே வராத அண்ணன், பிள்ளைக்காகச் செபமாலையில் அளவு வைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, செபமாலையில் பத்துப் பத்து மணியாக இரண்டு சுற்று முடியும்வரை ஊர்ந்து நடக்க வேண்டும். மூன்றாவதில் கால் தானாக லேசாகிவிடும். அப்படியே நடந்தது.

வியட்நாம் போர் சைகோன் நகரத்துக்குள்ளேயே வந்த காலையில் என் கணவர் எங்களுக்கு வீடு பார்க்கக் காரைக்காலுக்கு வந்திருந்தார். எங்கள் தெருவின் கடைசியில் வீடுகள் எரியத் தொடங்கின. எல்லோரும் பாலத்தை நோக்கி ஓடினார்கள். அண்ணன் நிதானமாகச் சர்க்கரை கரைத்து லூசிக்குக் கொடுத்தார்கள்.

“நீ சாமானத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடு” என்றார்கள் என்னிடம்.

“புள்ளய வுட்டுட்டா?”

“நீ பக்கத்துல இருந்தா கையப் புடிச்சு இழுப்பே. ஒன்ன எனக்குத் தெரியும். போ.”

போனேன். பாலத்தின் அக்கரையில் நின்று பார்த்தேன். கூட்டம் முழுவதும் ஓடிவர, இருவர் மட்டும் கைப்பிடிச் சுவரோரமாக நடந்து வந்தார்கள். பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை மரைக்காயர் அவர்களைத் தாண்டும்போது, “என்ன தம்பி, சப்பரம் வர்ற மாதிரி அசைஞ்சு வர்றீங்க? ஓடுங்கங்கிறேன்” என்று கத்தினாராம்.

“நீங்க ஓடுங்க நானா. எங்க சாமி மெதுவாத்தான் வரும்” என்றார்களாம் அண்ணன்.

மற்றதை லூசி பிறகு சொன்னாள். பாதிப் பாலத்தில் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்தது.

“மாமா, புடிக்குது.”

“நில்லு. மூச்சு வுடு. ம், செபத்த எங்க வுட்டே? சொல்லு.”

“சுடுறாங்க மாமா.”

“அவுங்க வேலய அவுங்க பாக்குறாங்க. நீ ஒன் வேலயப் பாரு.”

சற்று நேரத்தில், “லேசாயிடுச்சு மாமா” என்றாள். “அப்ப வெரசா நட. ஓடாத. திரும்பிப் பாக்காத” என்று சொல்லிக் கையை விட்டார்கள்.

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்காருவதை நான் அக்கரையிலிருந்து பார்த்தேன். களைப்பு என்றுதான் நினைத்தேன். லூசி உதடு அசைய நடந்து வந்து சேர்ந்தாள். மரைக்காயரும் துறைமுகத்துக்காரர் ஒருவரும் திரும்பி ஓடி அண்ணனைத் தூக்கி வந்தார்கள். முதுகில் குண்டு பட்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“ஓடுனாளா?”

“இல்லண்ணே. நடந்துதான் வந்தா.”

அதன் பிறகு பேசவில்லை.

நாங்கள் தஞ்சம் புகுந்த கோவிலில் மறுநாள் காலை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கடன் வாங்கி லூசியிடம் கொடுத்தேன். சிறுநீர் தெளிவாக இருந்தது. அதைச் சொல்ல அண்ணன் இல்லையே என்றுதான் அப்போது அழுதேன்.

தன் உயிரைப் பாராமல் பாலத்துக்குத் திரும்பிய மரைக்காயர் நானாவுக்கும், ஊரடங்கிலும் அடக்கத்துக்கு இடம் தந்த பங்குக் குருவுக்கும், அண்ணனின் பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் சுமந்துபோன துறைமுகத்துக்காரர்களுக்கும், எங்களைக் காரைக்காலில் ஏற்றுக்கொண்ட உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு உங்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து வர வேண்டும் என்று லூசி பிடிவாதமாக இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அண்ணன் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். மெதுவாகப் புறப்படும் கூட்டம் உங்களில் எது என்று சொல்லுங்கள், அவளை அனுப்பிவைக்கிறேன்.