மேடை நடுவுக்கு ஒரு நடை

கணுக்கால் முறிந்த கதையைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் சிதறுதேங்காய் அடித்த இடத்தில் வழுக்கி விழுந்தேன். தேங்காயை அடித்தவனும் நானே. சிட்னி வீதிகளில் அரை ஆயுள் பஸ் ஓட்டியும் ஒரு கீறல் படாதவன், பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயின் தண்ணீரில் விழுந்தேன். "ஓடினது காணும், கொஞ்சம் இரு எண்டு பிள்ளையார் சொல்லுறார்" என்றாள் மனைவி. எனக்கு வந்த கோபத்தில் பிள்ளையாரோடும் சில நாள் கதைக்கவில்லை.

எலும்பு பொருந்தியதும் ஆஸ்பத்திரியின் பயிற்சி மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். ஹோம்புஷில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து கிட்டத்தான். சுவர் நீளத்துக்குக் கைப்பிடிக் கம்பி, எதிரே கண்ணாடி, ஒரு பெரிய ஜன்னல், கொஞ்சம் கதிரைகள். மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட ஃபிசியோ தமிழ்நாட்டுப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் "அங்கிள், அங்கிள்" என்ற தேன். கையில் இரக்கமே கிடையாது.

முதல் நாள் என் பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். இடுப்பு மூட்டு மாற்றியவர். காதில் பாட்டு, கண் மூடியிருந்தது. மடிக்கு மேலே இரண்டு கைகளும் அசைந்துகொண்டிருந்தன. சும்மா அசையவில்லை, ஒழுங்காக அசைந்தன.

இந்த இடத்தில் என் பெருமையையும் சொல்லத்தான் வேண்டும். மகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு ஏற்றி இறக்கியது நான். அவளுக்கு அரங்கேற்றம் முடியும்வரை சனிக்கிழமைகளை ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மண்டபத்தின் பின்வரிசையில் கழித்தேன். அவள் பழகினாளோ இல்லையோ, நான் முத்திரைகளைப் பாடமாக்கிவிட்டேன். மான் எது, மயில் எது, தாமரை எது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். அதனால் கிழவரின் கைகளை வாசிக்கத் தொடங்கினேன். முதலில் மீன் என்று பிடித்தேன். பிறகு ஒரு வண்டு. பிறகு இரண்டு பறவைகள் சண்டை பிடித்தன. எவ்வளவு முயன்றும் கதை மட்டும் ஓடவில்லை.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். என்னுடையது பஸ் கதவடி ஆங்கிலம். "அது மீன்தானே? பிறகு அதற்கு என்ன நடந்தது?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முத்திரை விஷயத்தை நான் விளக்கிச் சொன்னதும் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "நண்பரே, இவை கைகள் இல்லை. கால்கள்" என்றார்.

ஒத்திகையில் நாள் முழுக்கக் குதித்தால் மாலை மேடைக்குக் கால் மிஞ்சாதாம். அதனால் பாலே ஆடுகிறவர்கள் ஒத்திகையில் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கையால் ஆடிக்கொள்வார்களாம். வலது கை வலது கால், இடது கை இடது கால். மணிக்கட்டு சுழன்றால் உடம்பு சுழல்கிறது. இரண்டு கைகளும் தாழ்ந்தால் முழங்கால் மடிகிறது, குதிக்கப் போகிறார் என்று அர்த்தம். "உங்கள் மீன் காற்றில் இரண்டு கணுக்காலையும் தட்டிவிட்டு இறங்கியது" என்றார்.

ஓகோ, பாலே ஆடின மனுசனா என்று நினைத்தேன். பாலேயைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரிந்தது, ஆம்பிளைகள் காலோடு ஒட்டின களிசான் போடுவார்கள் என்பது மட்டும்தான். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பிறகு எங்களை எழுப்பிக் கம்பியைப் பிடிக்கச் சொன்னாள் பிள்ளை. குதிகாலை உயர்த்திக் கால்விரல்களில் நின்று இறங்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பிப் பொத்தென்று இறங்கினேன். தரை சரியில்லை என்று குறை சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அங்கிள்" என்றாள் அவள். இந்தப் பழமொழி கடல் கடந்தும் என்னை விடவில்லை.

அடுத்து அவர் எழும்பினார். அடுப்பில் பால் எழும்பி வரும்போது எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அப்படி எழும்பினார். மேலே நின்றார். பிறகு இறங்கினார். இறங்கியதைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். பஸ் ஓட்டுகிற எவனுக்கும் இது விளங்கும். ஒருவன் நல்ல ஓட்டுநரா என்பது பஸ்ஸை எடுப்பதில் தெரியாது, நிற்பாட்டுவதில் தெரியும். நின்றுகொண்டு வருகிற ஆளின் கையிலுள்ள கோப்பி சிந்தக்கூடாது. அந்த மனிதர் தன் உடம்பைக் கொண்டுவந்து தரையில் நிற்பாட்டியபோது எதுவும் சிந்தவில்லை. வயது எழுபத்தைந்துக்கு மேல், இடுப்பில் இரும்பு மூட்டு, நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் குதிகால் தரையைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"இவர் யாருன்னு தெரியாமலா பக்கத்துல உக்காந்திருந்தீங்க?" என்று அந்தப் பிள்ளை என்னிடம் தமிழில் கேட்டாள். "நாங்க காலேஜ்ல படிக்கிறப்போ இவர் குதிச்சு இறங்குறதைப் போட்டுக் காட்டித்தான் முழங்கால் பாடமே எடுத்தாங்க." தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கியதும் அவர் கையை வீசி மறுத்துவிட்டு மறுபடியும் கம்பியைப் பிடித்தார்.

மகள் இப்போது மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஃபோன் எடுத்து அவருடைய பெயரைச் சொன்னேன். "டாட், சீரியஸ்லி?" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் அவர் ஆடின ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினாள். அதை ரி.வி.யில் போட்டேன்.

ஓர் இளைஞன் மேடையின் மூலையிலிருந்து ஓடி வருகிறான். முழங்கால் மடிகிறது. எழும்புகிறான். எழும்பி அங்கேயே நிற்கிறான். "சனியன், நெட் நிண்டுட்டுது" என்று நான் ரிமோட்டைத் தேடினேன். அப்போதுதான் கண்டேன், பின்னால் நின்ற பெண்களின் பாவாடைகள் அசைந்துகொண்டிருந்தன. வாத்தியங்களும் நிற்கவில்லை. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் மட்டும் இறங்கவில்லை. அகப்பையோடு குசினியிலிருந்து வந்து நின்ற மனைவி, "ஐயோ, அந்தப் பிள்ளை இறங்கட்டும்!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இறங்கினான். சத்தமில்லாமல், மண்டபத்தில் அவர் இறங்கியது போலவே. நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். சொதி பொங்கி அடுப்பெல்லாம் வடிந்தது, ஒருவரும் எழும்பவில்லை. கடவுள் உண்டு என்று கோயிலில் எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். உண்டுதான் என்று உடம்பு சிலிர்த்தது அன்றைக்கு, எங்கள் பழைய சோபாவில் இருந்துகொண்டு. இதை யாரும் பகிடி பண்ணினால் பண்ணட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்தான் பாலே வாத்தியார். சோற்றுக் கையால் குதித்துக் காட்டினேன். "இது வலது கால், இது இடது கால்" என்று அவர் சொல்லித் தந்த எல்லாவற்றையும் மனைவிக்கு ஒப்புவித்தேன். அவள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். என் இறக்கம் சரியில்லை என்று பிழையும் சொன்னாள்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், இந்த வயதில் ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று. அவர் காலமெல்லாம் ஆடிய குழு, நகரத்துப் பெரிய அரங்கில் அவருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறதாம். "பக்கத்துத் திரையிலிருந்து மேடை நடுவுக்கு நடந்து போக வேண்டும். ஊன்றுகிற பொல்லு இல்லாமல், யாருடைய கையையும் பிடிக்காமல். அந்த மேடையில் என்னை ஒருவரும் கொண்டுவந்து விட்டது கிடையாது. கடைசி முறையும் என் காலிலேயே போவேன்" என்றார்.

"குதித்த ஆளுக்கு நடை ஒரு பெரிய விஷயமா?"

"குதிப்பதுதான் சுகம். நடந்து வரும்போது ஒளிக்க ஓர் இடமும் இல்லை."

கம்பியிலிருந்து ஜன்னல்வரைதான் எங்கள் மேடை. முதலில் பொல்லோடு நடந்தார், பிறகு பொல்லைக் கதிரையில் சாத்திவிட்டு நடந்தார். வலியில் உதடு வெளுக்கும், ஆனால் தலையும் தோளும் எங்கேயோ மேலே இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் மற்ற நோயாளிகள் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஜன்னலைத் தொட்டதும் நான் பஸ் மணி மாதிரி "டிங்" என்பேன். அவர் எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்குவார். பகிடிக்குத்தான் செய்தார், ஆனால் அந்த வணக்கத்திலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. என் பயிற்சி முடிகிற கிழமையில் அந்த மாலை நிகழ்ச்சிக்கு இரண்டு ரிக்கெற் தந்தார். "மீனைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்" என்றார்.

கடைசி நாள் நான் போனபோது அவர் வரவில்லை. பிள்ளையிடம் கேட்டேன். "மத்தவங்க விஷயத்தை நான் சொல்லக் கூடாது, அங்கிள்" என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த கம்பியை மறுபடியும் துடைத்தாள். அவர் வீட்டில் விழுந்துவிட்டார் என்று மகள்தான் செய்தியில் பார்த்துச் சொன்னாள். நிகழ்ச்சி நடக்குமாம். அவர் வருவாரா என்று தெரியாதாம்.

மனைவி பட்டுச்சேலை உடுத்தாள், நான் கோட் போட்டேன். ரயிலில் போனோம். எங்கள் வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு தடித்த மனிதர் இருந்தார். தானும் ஆடியவன் என்று அவராகவே கதைக்கத் தொடங்கினார். ஆடப் போகிறேன் என்று சின்ன வயதில் சொன்னதற்கு அப்பா பெல்ற்றைக் கழற்றினாராம். ஒருநாள் பின்னேரம் ரி.வி.யில் இவர் குதித்தாராம். அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு, அடுத்த நாள் தானே மகனை வகுப்புக்குக் கூட்டிப்போனாராம். "இந்த மண்டபத்தில் இருக்கிற ஆம்பிளைகளில் பாதிப் பேரைக் கேளுங்கள், இதே கதைதான் சொல்வார்கள்" என்றார். சுற்றிப் பார்த்தேன். நரைத்த தலைகள் நிறைய இருந்தன, ஒரு முதுகுகூடக் கூனவில்லை.

இளம் ஆட்டக்காரர்கள் ஆடி முடித்தார்கள். மேடை வெறுமையானது. பக்கத்துத் திரை விலகியபோது நான் தரையைத்தான் பார்த்தேன், அவருடைய காலைத் தேடினேன். சக்கரங்கள் வந்தன. ஒரு பெண் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கம்பியிலிருந்து ஜன்னல்வரை அவர் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்தது. மண்டபம் முழுக்க எழும்பிக் கைதட்டியது, என்னால் தட்ட முடியவில்லை. அவர் தலையை உயர்த்தியபடியே இருந்தார். மனைவி என் காதருகே, "யானை படுத்தாலும் குதிரை மட்டம், பாருங்கோ" என்றாள்.

அவர் எல்லோரையும் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். பியானோக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். படத்தில் கேட்ட அதே இசை தொடங்கியது.

மடிக்கு மேலே அவருடைய கைகள் எழும்பின. இசைக்குக் கையசைக்கிறார் என்றுதான் சிலர் நினைத்திருப்பார்கள். "வலது கால்" என்றாள் மனைவி மெதுவாக. ஓம், வலது கால். பிறகு இடது கால். மேடையின் மூலையிலிருந்து ஓடி வந்தார். மணிக்கட்டு சுழன்றது, அந்த இளைஞன் முழு உடம்போடு சுழன்றான். பக்கத்து மனிதரின் மூச்சு நின்றதை நான் கேட்டேன். எங்கள் முன்வரிசையில் நரைத்த தலைகள் எல்லாம் ஒன்றாகக் கொஞ்சம் உயர்ந்தன. சப்பாத்துக்குள் என் குதிகாலும் என்னைக் கேட்காமலே தரையை விட்டு எழும்பியிருந்தது.

இரண்டு கைகளும் தாழ்ந்தன. முழங்கால் மடிந்தது. பிறகு கைகள் தலைக்கு மேலே போயின, போய் அங்கேயே நின்றன. மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"இறங்கீட்டாரோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை," என்றேன். "பொறும்."