அடுப்பு ஏறாத அன்னாசி

ரோச் பார்க்காத துறைமுகம் கிடையாது. பார்த்ததெல்லாம் கப்பல் குசினியின் வட்டச் சன்னல் வழியாக. சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். எந்த நாட்டில் என்ன பாஷை பேசுவார்கள் என்று கேட்டால் முழிப்பார். எந்தத் துறைமுகத்தில் அழுகல் வெங்காயத்தை ஏற்றிவிடுவார்கள் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். ஓய்வு பெற்றுத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிய அன்றே தங்கை விஜிலாவிடம் அறிவித்துவிட்டார்.

"ஏளா, இனிமே நான் அடுப்புக்கிட்ட போவ மாட்டேன். காப்பியும் நீதான் போடணும்."

விஜிலா இதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. மனைவி இறந்தபின் அவருடைய மகள் இசபெல்லாவையும் மகன் அனிஷையும் வளர்த்தவள் அவள்தான். அந்த வீட்டு அடுப்புக்கிட்ட ரோச் போய் அவள் பார்த்ததே இல்லை.

ஆனாலும் கத்தி பிடித்த கை. சும்மா இருக்கத் தெரியவில்லை. அடுப்பில்லாமல் செய்யக்கூடியது எது என்று யோசித்து, பழத்தில் வந்து நின்றார். வெள்ளைக்கார ஆபீசர்களுக்குக் கப்பலில் செய்து போட்டதுதான், இங்குள்ள நாக்குக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி. அன்னாசியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குவார். அதே அளவு வெள்ளரிக்காய், அதில் பாதி சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, நுணுக்கிய மிளகு. பரிமாறப் போகும்போதுதான் உப்பும், மேலே தூவ இடித்த மாசிக்கருவாடும். அதுதான் அவருடைய தலையாய படைப்பு. கொய்யாவைத் தயிரில் போடுவார். செங்காய்ப் பப்பாளியைச் சீவி எலுமிச்சை பிழிவார். தர்பூசணிக்குப் புதினா. மாங்காய்த் துருவலோடு தேங்காயும் அதே மாசியும். மூன்று வயதுப் பிள்ளையும் செய்துவிடலாம் என்பார். ஆனால் பக்கத்தில் யாரையும் விடமாட்டார். இசபெல்லா துறைமுகத்தில் நிலக்கரி கன்வேயர்களின் சென்சார்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். ஒரு பெல்ட் நின்றால் மொத்தக் கப்பலும் காத்துக்கிடக்கும், அப்படிப்பட்ட பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவளை நம்பிக் கொடுத்த பொறுப்பு வெங்காயம் உரிப்பது.

மீனுக்குத் தொட்டுக்கொள்ள மீன் வைக்கிற தெரு அது. அங்கே ஒரு ஆண்பிள்ளை பழத்தை நறுக்கி வெங்காயம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது.

"இது பழமா, கறியா?" என்றார் எதிர்வீட்டு டிக்சன்.

"தின்னு பாருலே."

"சுகமில்லாதவனுக்குக் குடுக்கிறது மாதிரில்லா இருக்கு."

அந்த டிக்சனின் அப்பா ஒரு சித்திரை மாதத்தில் இறந்துபோனார். இந்தக் கரையில் துக்க வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார்கள். சாதாரணமாக ஒரு நாள் கஞ்சி. டிக்சனின் தம்பி குவைத்திலிருந்து வரவேண்டியிருந்ததால் பெரியவர் குளிர்பெட்டியில் சுகமாகப் படுத்திருந்தார், மற்றவர்கள் கொளுத்துகிற வெயிலில் கஞ்சி மேல் கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ரோச் ஒரு அண்டாவில் அன்னாசியோடு உள்ளே வந்தார். அடுப்பு ஏறாத பதார்த்தம், துக்க வீட்டுக் கட்டுப்பாட்டுக்கு எந்தப் பங்கமும் இல்லை. அண்டா வந்த வேகத்தில் காலியானது. அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை கேட்டார்கள். தன் சமையல் வாழ்க்கையின் பெரிய வெற்றி அதுதான் என்று ரோச் நினைத்தார்.

அவர் தலையில் அவரே போட்டுக்கொண்ட கல் அது.

அடுத்த சாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒருவர் கண்ணை மூடினால் கோயிலுக்குச் சொல்வார்கள், பெட்டி செய்கிறவருக்குச் சொல்வார்கள், ரோச்சுக்குச் சொல்வார்கள். துக்க வீட்டுக்கு என்பதால் மாசி போடமாட்டார், மற்றபடி குறை வைக்கமாட்டார். பெரியதாழையில் ஒரு சாவுக்கு வண்டி வைத்தே அழைத்துப்போனார்கள். புகழ் என்றால் புகழ்தான்.

சிக்கல் என்னவென்றால், அதன்பிறகு நல்ல காரியம் நடக்கிற ஒரு வீட்டுக்குள்ளும் அந்தப் பழத்தை விடவில்லை. மூடிய பாத்திரத்தோடு அவர் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று, "யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஒரு ஞானஸ்நான விருந்துக்கு அன்னாசி எடுத்துப்போனார். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே வாங்கி, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்துத் துண்டால் மூடினாள். டிக்சன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, பழம் நல்லதென்று கிண்ணத்தில் எடுத்துப்போனார். டிக்சனின் மனைவி கேட்டைத் திறக்கவே இல்லை.

"அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அதைக் கொண்டு போயிருங்க. அவுக இன்னும் உசிரோட இருக்காக."

கொஞ்சநாள் ரோச் இதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. உலகம் சுற்றிய சமையல்காரருக்குக் கடைசியில் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது: ஏதாவது ஒரு கல்யாணத்தில், ஒரு நல்ல காரியத்தில், தன்னுடைய அன்னாசி இலையில் விழவேண்டும். பெரிய ஆசையா? மற்றவர்கள் மாடி கட்ட ஆசைப்படுகிறார்கள். ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் போய் நியாயம் பேசினார்.

"பழத்துக்குத் தெரியுமாய்யா இது சாவு, இது கல்யாணம்னு? கஞ்சியும்தான் சாவு வீட்டுல குடிக்கீங்க. பொறவு வீட்டுல கஞ்சி காய்ச்சுறது இல்லையா?"

நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் இலையில் இடம் கொடுக்கவில்லை. அவரை மிகவும் கடுமையாகத் தடுத்தவள் சொந்தத் தங்கை.

"ஒனக்கு வேற வேலையே கெடையாதா? போற எடமெல்லாம் நம்ம மானத்த வாங்குத. அனிஷ் கல்யாணத்துல இத வச்சேன்னு வையி, நான் பந்தியில இருந்து எந்திச்சுப் போயிருவேன்."

"அவனுக்கு முதல்ல பொண்ணு கெடைக்கட்டும்," என்றார் ரோச்.

பெண் கிடைத்தபோது அவர் இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இசபெல்லா ஆட்டோவை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவே கஞ்சி கொண்டுவந்தது, துவையல் கொண்டுவந்தது, கட்டன் காப்பி கொண்டுவந்தது. மத்தியானம் டிக்சன் பந்தலுக்குள் வந்து, பழக்க தோஷத்தில் மூலையில் அண்டாவைத் தேடினார். அங்கே இல்லை. பின்கட்டையும் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார். வந்த வழியே வெளியே போய்விட்டார். இசபெல்லா அதைப் பார்த்தாள். அன்று அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அனிஷுக்கு அமைந்த பெண் பெனிஷா, நாசரேத்தில் பள்ளி ஆசிரியை. தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள். சாப்பாட்டுக்கு முன் கைகழுவியாயிற்றா என்று பெரியவர்களையே கேட்கிற குடும்பம். அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ரோச் போனபின் வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம். விஜிலா நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, சீலா மீன் வறுவல் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அன்னாசியும் வைக்கேன்," என்றாள் இசபெல்லா.

விஜிலா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

"என்னளா சொல்லுத?"

"அப்பா ஊரெல்லாம் கேட்டாரு. ஒருத்தரும் விடல. இது அவரு வீடு. யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

"நல்ல காரியத்துக்கு வாரவங்களுக்கு எழவு வீட்டுப் பதார்த்தமா?"

"நாசரேத்துக்காரங்களுக்கு அது தெரியாதுல்லா அத்த."

"அவங்களுக்குத் தெரியாது. நம்ம ஆளுக மூஞ்சி காட்டிக்குடுத்துரும்லா!"

"மாசி போட்டு வைக்கேன். எழவு வீட்டுக்கு அப்பா மாசி போட்டது கெடையாது."

"மாசி போட்டா எழவு கல்யாணம் ஆயிருமா?"

நடுவில் நின்ற அனிஷ் அத்தை பேசும்போது அத்தைக்கும் அக்கா பேசும்போது அக்காவுக்கும் தலையாட்டினான். பெண் வீட்டாரிடம் பொறுமையான பையன் என்று பேர் வாங்கியது இந்தத் திறமையால்தான்.

சனிக்கிழமை காலை இசபெல்லா அன்னாசியை நறுக்கினாள். சின்ன வாளி ஒன்றுக்குத்தான் செய்தாள். தின்ன ஆள் இருக்காது என்பது அவள் கணக்கு. இலையில் விழவேண்டும், அவ்வளவுதான். அப்பா கேட்டதும் அவ்வளவுதான்.

பந்தியில் ஒருபக்கம் நாசரேத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவராகப் பெனிஷாவின் பெரியப்பா எபனேசர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எதிர்ப்பக்கம் தெருக்காரர்கள், முதல் ஆளாக டிக்சன். இசபெல்லா வாளியோடு வந்தாள். விஜிலா நெய்ச்சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். நாசரேத்து இலைகளில் அன்னாசி விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. டிக்சன் இலையில் விழுந்தது. டிக்சனின் கை தானாக எழுந்து சிலுவை போட்டது. மரித்தோருக்கான ஜெபத்தின் முதல் வரி வாய்க்கு வந்து, பாதியில் முழுங்கப்பட்டது. அவரைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரரும் சிலுவை போட்டார். அடுத்தவரும். வரிசை முடியும்வரை.

எபனேசர் மரியாதையாகக் கையை இலையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஜெபமா? மன்னிச்சுக்கிடுங்க, கவனிக்கல. இந்தப் பதார்த்தத்துக்குன்னு தனி ஜெபம் வச்சிருக்கீங்களோ?"

அவர் ஒரு துண்டு எடுத்து ருசித்தார். மறுபடி எடுத்தார். மாசி பல்லில் பட்டதும் புருவம் உயர்ந்தது.

"பிரமாதமா இருக்கே! எங்க பக்கம் இப்படிச் செய்யிறது இல்ல. இது என்ன விசேஷத்துக்குச் செய்வீங்க?"

டிக்சன் இலையை ஆராய்ந்தார். அனிஷ் இந்தத் தடவை யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றான். இசபெல்லாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே வாயைத் திறந்தாள். பழத்தின் மானம் போகும், அப்பா பேர் இருக்கும்.

"கல்யாணத்துக்கு," என்று விஜிலாவின் குரல் வந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது.

"எங்க வீட்டுல கல்யாணம் காச்சின்னா இது இல்லாம இலை போட மாட்டோம். எங்க அண்ணன் கப்பல்ல இருந்து கொண்டாந்த பழக்கம். இந்தத் தெருவுல எந்த நல்லது நடந்தாலும் அவனக் கூப்பிட்டு இதச் செய்யச் சொல்லாத ஆளே கெடையாது. என்ன டிக்சா?"

காமாலை கண்டபோது கேட்டைத் திறக்காத வீட்டின் தலைவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். சுவரோரம் நின்றவளின் கையில் கரண்டி இருந்தது.

"ஆமாமா," என்றார். "அவரு இல்லாம ஒரு கல்யாணம் நடந்தது கெடையாது."

"அதான் சிலுவை போட்டுத் தொடங்குறீங்க," என்று எபனேசர் தானாகவே விளங்கிக்கொண்டார். "நல்ல பழக்கம். அப்போ நம்ம கல்யாணத்துக்கும் உண்டுல்லா?"

"எல்லா இலைக்கும் உண்டு," என்றாள் விஜிலா.

சொன்னபிறகு தெருக்காரர்களுக்கு வேறு வழியில்லை. குடும்பப் பாரம்பரியம் என்று சம்பந்திக்குச் சொல்லியாயிற்று, அதை இலையில் ஒதுக்கி வைக்க முடியுமா? ஒவ்வொருவராக வாயில் போட்டார்கள். துக்க வீட்டில் எத்தனையோ தடவை விரும்பித் தின்றதுதான். சிரித்த முகத்தோடு தின்பது இப்போதுதான், பழகவேண்டியிருந்தது. டிக்சன் இலையில் முதலில் காலியானது அன்னாசி. இசபெல்லாவைப் பார்த்து, சத்தமில்லாமல் விரலால் இலையைக் காட்டினார். வாளியில் ஒன்றும் இல்லை.

ரோச் வருஷக்கணக்காக நியாயம் பேசி வாங்க முடியாத இடத்தை விஜிலா ஒரே பொய்யில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவேன் என்று மிரட்டியவள்.

இசபெல்லா குசினிக்குப் போய் மிச்சமிருந்த அரை அன்னாசியை எடுத்துப் பலகையில் வைத்தாள். கண் எரிந்தது. வெங்காயம் இன்னும் உரிக்கவில்லை. பின்னாலேயே வந்த விஜிலா அவளைப் பார்க்காமல், வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டாள். கொஞ்சநேரம் மென்றாள்.

"எத்தன சாவு வீட்டுல நீட்டியிருக்கான். ஒரு வாய் நான் தின்னது கெடையாது, தெரியுமா?"

"தெரியும் அத்த."

"நல்லாத்தான் இருக்கு." மறுபடி வழித்தாள். பிறகு கதவுப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பன்ட்ட சொல்லிராத. தல கால் புரியாது அவனுக்கு."

சொன்னபிறகு அவள் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சொல்ல மாட்டேன்," என்றாள் இசபெல்லா. கத்தியை எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கத் தொடங்கினாள்.