அக்காவுக்கு வந்த வெள்ளை அரளி

சாயங்கால பஸ்ஸில் உத்திரமேரூரிலிருந்து வந்து இறங்கும் அக்காவின் தாவணியில் டீசலும் பேனா மையும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். நாள் முழுக்கச் சாணியும் சேறும் அளைந்த கையால் நான் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுப்பேன்; கொடுக்கும்போதே அந்த வாசனை என் வயிற்றை எரிக்கும். அது பொறாமைதான், வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்கு இன்றும் வராது.

பெருநகருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அம்மை போட்டதில் அக்காவுக்கு ஒரு வருஷம் வீணாகிவிட்டதால் இருவரும் ஒரே வகுப்பில் படித்து ஒன்றாகத் தேறினோம். மார்க்கில் நான்தான் கூட. மேலே படிக்க உத்திரமேரூர் போகவேண்டும். "ரெண்டும் பஸ் ஏறிக்கினு போய்ட்டா மாட்ட யாரு பாக்கறது, நாத்து நட யாரு கீறா?" என்றாள் அம்மா. அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். நியாயஸ்தர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். "ஒரு கண்ணுல வெண்ண, ஒரு கண்ணுல சுண்ணாம்பு வெக்கிற ஆளு நான் இல்ல. ஆத்தாளே எடுத்துக் குடுக்கட்டும்" என்று எங்களை எல்லையம்மன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே "பூ கட்டிப் பார்ப்பது" வழக்கம். வெள்ளை அரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து, வெளியே வித்தியாசம் தெரியாதபடி நாரால் கட்டி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார் நைனா. வெள்ளை வந்தால் அக்கா, சிவப்பு வந்தால் நான். எங்களுக்கு அடுத்தவனான தம்பி, அப்போது ஏழாவது முடித்திருந்தவன், ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நாரை அவிழ்க்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா விசும்பும் சத்தம் கேட்டது. வெள்ளைதான் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறவளை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது.

நைனாவைக் குறை சொல்ல வழியில்லை, அம்மனோடு மல்லுக்கு நிற்க முடியாது, மிச்சமிருந்தவள் அக்காதான். அவள் புத்தகத்துக்கு அட்டை போட்டாலும் எரிந்தது, டீச்சர் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை எடுத்து வந்தபோதும் எரிந்தது. அந்தப் புடவையை நான் கட்டவே இல்லை. "அதிர்ஷ்டக்காரி" என்று அவளை நான் சொன்னதெல்லாம் வாழ்த்தும் இல்லை.

போன மாதம் நைனாவின் திதிக்கு எல்லோரும் ஊரில் கூடினோம். எல்லையம்மன் கோயிலில் அரளிச் செடிகளை வெட்டிவிட்டு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும், இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற தம்பி இந்தப் பூக்கதையைத் தன் மருமகளுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லி, "நைனா மாதிரி நேர்மையான ஆளு கெடையாதும்மா" என்று முடித்தான்.

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். "உங்களுக்கு எந்தக் கலர் பூ மாமா வந்தது?"

"எனக்கு எதுக்கும்மா பூ?" என்றான் அவன்.

அடுத்த வருஷம் எட்டாவது முடித்த கையோடு அதே பஸ்ஸில் ஏறிப் போனவன் அவன். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இப்போது பன்னிரண்டாவது வரை வந்துவிட்டது. பூவைப் பொட்டலம் கட்டிப் பார்க்கும் தேவை யாருக்கும் இல்லை. என் வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷமும் அதை அக்காமேலேயே கொட்டித் தீர்த்துவிட்டேன். தம்பியிடம் இனிமேல்தான் ஆரம்பிக்கவேண்டும்.