வாய் வைக்காத பிப்பெட்

மரகதவல்லியின் அப்பா ஸுந்தரராஜன் ஸ்ரீவில்லிபுத்தூர் பெருமாள் கோவிலில் மடப்பள்ளியில் சமையல் கைங்கரியம் செய்தவர். தளிகை பண்ணும்போது தன் மூச்சுக்காற்றுகூடப் பட்டுவிடக் கூடாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளும் மனிதர். அவர் வீட்டில் வாய் பட்டது எதுவானாலும் எச்சில். தம்ளரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். தப்பித் தவறி உதடு பட்டுவிட்டால், தன்னுடைய உதடே ஆனாலும், தம்ளரையும் கழுவிக் கையையும் கழுவ வேண்டும். மரகதம் பேசப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் போயும் போயும் வேதியியல் படிக்கப் போனாள் பாருங்கள்.

எண்பத்திரண்டில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அமிலமும் காரமும் அவளுக்குப் பல்லாங்குழி ஆடுவது மாதிரி. இருபது மில்லி காரத்துக்குப் பத்து மில்லி அமிலம் செலவாகிறது, அமிலத்தின் நார்மாலிட்டி, அதாவது செறிவு, 0.2, காரத்தினுடையது என்ன என்று கேட்டு வாயை மூடுமுன், "0.1" என்பாள். பேராசிரியர் கரும்பலகையில் வாய்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே இவள் விடைக்கு அடியில் கோடு போட்டுவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து இருக்கை சண்முகத்தாய்க்கு. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். அவளுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய்.

"ஏட்டி மரகதம், இந்த எழவு எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்கு. எத எதால வகுக்கணும்னு மட்டும் சொல்லு."

"வகுக்கறதை விடு. ரெண்டு பக்கமும் சமானமா நிக்கணும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் பருமனை நார்மாலிட்டியால பெருக்கு. அந்தப் பக்கமும் அதே பண்ணு. எது தெரியலையோ அது தானா வந்துடும்."

ஆய்வகத்தில் கதை தலைகீழ். காரத்தை அளந்து எடுக்க வயிறு பருத்த கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு; அதுதான் பிப்பெட். ஒரு முனையைக் கரைசலில் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். கோடு வரைக்கும் ஏறியதும் விரலால் பொத்திக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஒருத்தர் வாயில் இருந்த குழாய் நாளைக்கு இன்னொருத்தர் வாயில். முதல் நாள் மரகதம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் சண்முகத்தாய் பிடுங்கி உறிஞ்சிக் குடுவையில் விட்டுக் கொடுத்தாள்.

"ஒங்க கோயில்ல நாச்சியார் போட்டுப் பாத்த மாலையத்தான பெருமாளுக்கே சாத்துதிய? அவருக்கு ஆகும், ஒனக்கு ஆகாதோ?"

"அவ தாயார்டி. நான் மடப்பள்ளிக்காரர் பொண்ணு."

ஆக, கணக்கு மரகதத்துக்கு, உறிஞ்சுவது சண்முகத்தாய்க்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் வண்டி இப்படியே ஓடியது. பரீட்சையில் ஆளுக்கு ஒரு மேசை, அங்கே அடுத்தவள் வாய் கிடைக்காது என்பது மரகதத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய?

கடைசி வருஷம் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா மதுரைக்கு அனுப்பறேன், எம்.எஸ்ஸி. படி. இல்லேன்னா சேஷு ஆத்துல கேட்டுண்டே இருக்கா. மறுபேச்சு இல்லாம மணையில உட்காரணும்."

அதன் பிறகு அவள் பழகிப் பார்க்காமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பெருமாளை நினைத்துக்கொண்டு, நன்றாகக் கழுவின பிப்பெட்டில் ஒரு தடவை வாய் வைத்துவிடுவாள். அதற்கு மேல்தான் சிக்கல். கூம்புக் குடுவையில் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை, பிப்பெட்டில் இருக்கக் கூடாது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் காரத்தை நீர்க்க வைத்துவிடும். அதனால் முதலில் கொஞ்சம் காரத்தையே உறிஞ்சி அலசிக் கொட்டிவிட்டு, மறுபடியும் உறிஞ்சி அளக்க வேண்டும். அலசுவதற்கு உறிஞ்சினால் பிப்பெட் எச்சில். எச்சில் ஆனால் கழுவ வேண்டும். கழுவினால் உள்ளே தண்ணீர். தண்ணீர் இருந்தால் அலச வேண்டும்.

"ஒன் எச்சி ஒனக்கே ஆகாதாட்டி?" என்று சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கழுவாம ஒரே ஒரு மட்டம் எடுத்துப் பாரு. செத்தா போயிருவ?"

"எடுக்கணும்னுதான் நினைக்கறேன். கை கேக்க மாட்டேங்கறதுடி."

செய்முறைத் தேர்வு வந்தது. கொடுத்த கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மரகதம் பிப்பெட்டைக் கழுவினாள், உறிஞ்சினாள், குடுவையில் விட்டாள். ஃபினாஃப்தலீன் சொட்டியதும் காரம் ரோஜா நிறமாயிற்று. பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழ, நிறம் வெளுத்து மறைந்தது. மறுபடி கழுவினாள், மறுபடி எடுத்தாள். மூன்று தடவையும் ஒரே அளவு. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். மரகதம் பிப்பெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் கழுவியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே அளவு தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. தப்பு ஒழுங்காக வந்திருந்தது.

நேரம் இருந்தது. பிப்பெட்டை எடுத்துக் காரத்தை உறிஞ்சி அலசிக் கொட்டினாள். இனி அப்படியே முக்கி எடுத்தால் போதும். நாக்கு நுனியில் காரத்தின் வழவழப்பு. முக்கு, முக்கு என்று மனசு கத்துகிறது. கால் குழாயடிக்குப் போய்விட்டது. தண்ணீர் பிப்பெட்டுக்குள் இறங்குவதை யாரோ செய்கிற காரியம் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து மறுபடியும் அலசினாள். மறுபடியும் குழாயடிக்குப் போனாள். புறத்தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மணி அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்து, தப்பான அளவை வைத்து ஒரு எழுத்துப் பிசகாமல் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் வகுப்பு. செய்முறையில் போன மார்க்குதான் காலை வாரியது. சண்முகத்தாய் முதல் வகுப்பு. இரண்டு பக்கமும் சமானமாக நிற்க வேண்டும் என்பது அவள் மண்டையில் நன்றாகவே ஏறியிருந்தது.

முடிவு வந்த அன்று மரகதம் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லி அழுதாள். மனசு இரங்கி மதுரைக்கு அனுப்பிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. ஸுந்தரராஜன் கேட்டு முடித்தார். அவர் கண்ணும் கலங்கியது.

"படிப்பு போனா போறது போ. அத்தனை பேர் நடுவுல ஆசாரத்தை விடலையே நீ. என் பொண்ணுன்னா இப்படின்னா இருக்கணும்!"

அவளுக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவரை வெறுக்கவும் முடியவில்லை. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அடுத்த தை மாதம் சேஷுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனுஷன், தபால் ஆபீஸ் உத்தியோகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இல்லாத வாழ்க்கையைப் பற்றி யாரிடம் போய் அழுவது?

தொண்ணூற்றேழில் மகள் ஜயலக்ஷ்மியை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடம் போனபோது, வராந்தாவில் ஒரு டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏட்டி மரகதம்! என்னய அடையாளம் தெரியுதா?"

சண்முகத்தாய். இங்கேதான் வேதியியல் டீச்சராம். கண்ணாடியும் சுங்குடிச் சேலையுமாக நல்ல மிடுக்காக இருந்தாள். விடுவேனா என்று ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே அந்தப் பழைய வாசனை. மேசையில் பியூரெட், குடுவை, பிப்பெட். பிப்பெட்டின் தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு ரப்பர் உருண்டை மாட்டியிருந்தது.

"இது என்னதுடி?"

"அதா? இப்பம் பிள்ளைக வாயே வைக்கக் கூடாதுல்லா. இத அமுக்கிட்டு விட்டா அதுவா ஏறிரும்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

மரகதம் அதைக் கையில் எடுத்தாள். முனையைத் தண்ணீரில் வைத்து, அமுக்கி, மெள்ள விட்டாள். தண்ணீர் சமர்த்தாக மேலே ஏறிக் கோட்டில் வந்து நின்றது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதானாடி?"

வாசலில் ஜயலக்ஷ்மி, "அம்மா, நாழியாறது" என்று கூப்பிட்டாள். மரகதம் தண்ணீரைக் கொட்டிவிட்டு ரப்பர் உருண்டையைக் கழற்றி வைத்தாள். பிறகு, யாரும் வாய் வைக்காத அந்தப் பிப்பெட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய், இரண்டு முனையையும் நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.