கத்திரிப்பூ நிற ஒயர்

தன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் சொல்லக் கேட்டு, அதை வைத்துப் பிழையில்லாமல் வேலை செய்கிறான் ஒருவன். அந்த அறிவு யாருடையது? செவிலிமேடு சாலையில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் தேவேந்திரனை நினைத்தால் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இதற்கு விடை தேடி நான் படித்த பெரியவர்கள் எவரும் முழுதாக உதவவில்லை.

தேவேந்திரனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. நீலமும் கத்திரிப்பூ நிறமும் ஒன்று. பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்கு இது சின்னக் குறை அல்ல. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் நிறம் பார்த்துச் சொல்வார், மற்றவர் நிமிர்ந்து பார்க்காமல் முறுக்குவார். சொன்னதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால், சொன்னவரை நம்பவில்லை என்று பொருள்.

பத்தொன்பது வயதில் ஒருநாள், சொல்ல ஆளில்லாமல் அவனே கரை இழைகளைப் பிணைத்தான். அரக்குச் சிவப்போடு பச்சை போய்ச் சேர்ந்தது. அப்பா முனிசாமி முதலில் விளையாட்டு என்று நினைத்தார். விஷயம் புரிந்ததும், லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் கடையில் அவனைக் கொண்டுபோய் விட்டார். லாரியில் எல்லா ஒயரும் புழுதி ஏறி ஒரே நிறம். டெஸ்ட் லாம்பை வைத்துத் தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அவன் குறை யாருக்கும் தெரியவில்லை.

சொந்தக் கடை வைத்த பிறகு கார்கள் வந்தன. கார் ஒயர்கள் நிறத்தால் பேசுபவை. அவன் மனைவி புவனேஸ்வரி மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். அப்படியே ஒயர்களைப் பார்த்துப் பட்டு நூல் கழிவால் முடிச்சுகள் போட்டுவிட்டுப் போவாள். சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, கோடு போட்ட ஒயர் என்றால் கூடவே ஒரு சுருக்கு. அவன் விரலால் தடவிப் படித்துக்கொள்வான்.

“ஒயருக்கெல்லாம் தாலி கட்டிக்கினு இருக்கான்பா தேவா” என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். நிறம் தெரியாதவனிடம் எவன் வண்டியை விடுவான்? கடை போனால் அவனுக்கு வேறு தொழில் கிடையாது. ஆகவே இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு பொய்யைக் காப்பாற்றுவது எவ்வளவு பழக்கமாகிவிடும் என்பதை நான் பின்னால் புவனேஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன தை மாதம் பட்டுக்கடை வீரபத்திரன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கிலாந்திலிருந்து இறக்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, துணிக் கூரை மடிந்துவிடும். கதவைத் திறந்தால் காலடியில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. மீட்டர் விளக்குகள் மினுக்மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தன.

“நாளன்னிக்கு மாப்ள அழைப்பு, தேவா. எம் மருமகன் இதுல வந்து எறங்கப்போறாரு. கதவத் தொறந்தா லைட்டு பளிச்சுனு எரியணும். இருட்டுல கால் இடறி உழுந்தாருன்னா எம் பொண்ணு என்னை உடமாட்டா.”

அன்று புவனேஸ்வரி ஊரில் இல்லை. தாமலில் அக்காவுக்கு ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தாள். தேவேந்திரன் மீட்டர் பலகையைக் கழற்றிவிட்டு, போனை உள்ளே நீட்டி அவளுக்கு வீடியோவில் காட்டினான்.

“இது?”

“கத்திரிப்பூ.”

“இது?”

“அதுவும் கத்திரிப்பூதான்யா. சீக்கிரம் காட்டு, அக்கா கூப்டுது.”

இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணம் உறுத்தியிருக்கிறது. ஆனால் சொன்னதைத் திருப்பிக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. அவற்றில் ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர். மற்றதில் மெல்லிய வெள்ளைக் கோடு உண்டு. கதவைத் திறந்ததும் விளக்கை எரியவைக்கும் பொத்தானுக்குப் போக வேண்டியது அதுதான். எண்ணெய்ப் பிசுக்கில் கோடு மறைந்திருந்தது. அவன் இரண்டுக்கும் ஒரே முடிச்சுப் போட்டு, மாற்றி இணைத்துவிட்டான்.

மாலையில் வீரபத்திரன் வந்து கதவைத் திறந்தார். விளக்குக்குப் பதிலாகப் புகை வந்தது. ஃபியூஸ் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எப்போதோ யாரோ ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சொருகியிருந்தார்கள். தேவேந்திரன் பேட்டரியைப் பிடுங்குவதற்குள் ஒயர்க்கட்டு பாதி உருகிவிட்டது.

“இன்னாபா, மாப்ள வர்றதுக்கு முன்னயே ஆரத்தி எடுத்துட்டியா?” என்று சிரித்த வீரபத்திரனுக்கு, கருகிய நாற்றம் ஏற ஏறக் கோபமும் ஏறியது. “இத்தினி வருஷமா தொழில் பண்றே. உனக்கு கலர் கூடவா தெரியாது?”

திட்டுவதற்காகச் சொன்ன சொல் நேராக உண்மையில் போய் விழுந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். செம்புக் கம்பியையாவது காட்டியிருக்கலாம்.

“அவசரத்துல பாக்கலீங்க. நாளைக்கு முடிச்சுக் குடுத்துர்றேன்” என்றான் தேவேந்திரன். கவனக்குறைவு என்ற பெயர் அவனுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே புவனேஸ்வரி வந்துவிட்டாள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நிறம் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் கேட்டான்: “கோடு இருக்குதா? நல்லாப் பாத்தியா?”

நாலாவது முறை அவள் கை நின்றது. “கல்யாணமான நாள்லேர்ந்து எப்பவாச்சும் என்னைத் திருப்பிக் கேட்டிருக்கியா நீ?”

“இப்பக் கேக்கறேன்.”

“என்னால எரிஞ்சிதுன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ.”

அவன் அடுத்த ஒயரைத் தூக்கிக் காட்டினான். மறுபடியும், “கோடு இருக்குதா?” என்றான். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் முன்பிருந்த ஏதோ ஒன்று அந்த வீட்டில் இப்போது இல்லை என்று புவனேஸ்வரி என்னிடம் சொன்னாள்.

கடையிலும் பழைய கூட்டம் இல்லை. வேன் வைத்திருக்கும் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் குறைந்ததற்குக் காரணம் மாப்பிள்ளை அழைப்பன்று மண்டப வாசலில் நடந்தது. நானும் அங்கே நின்றிருந்தேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து நாதஸ்வரத்தோடு கார் வந்து நின்றது. அந்தி நேரம். வீரபத்திரனே கதவைத் திறந்தார். காலடி விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரை ஜொலித்தது. வீரபத்திரனுக்கு முகமெல்லாம் பல். ஓரத்தில் நின்ற தேவேந்திரனை இழுத்துவந்து, சம்பந்திகள் முன்னால் சால்வை போர்த்தினார்.

“எங்க ஊரு தேவேந்திரன். நேத்து கட்டிக்கட்டியா உருகிக் கெடந்த ஒயரு. ஒண்ணொண்ணாப் பாத்து உசுரு குடுத்துட்டான். கண்ணு இல்ல அது, காந்தம்!”

எல்லாரும் கை தட்டினார்கள். ஆபத்து தாண்டிவிட்டது, அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“எனக்கு கலர் தெரியாதுங்க” என்றான் தேவேந்திரன்.

சம்பந்திகள் வீரபத்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வீரபத்திரன் வயிறு குலுங்கச் சிரித்தார். “பாத்தீங்களா சம்பந்தி, முந்தாநேத்து நான் திட்டுனதை இன்னிக்குத் திருப்பிக் குடுக்கறான்!” சம்பந்திகளும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் நின்ற புவனேஸ்வரியும் அவசரமாகச் சிரித்தாள். அவள் கண் மட்டும் அவனை விட்டு நகரவில்லை. அது வேடிக்கைப் பேச்சாகவே முடிந்திருக்கலாம். அவனும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருந்தால் போதும்.

சிரிப்பு அடங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னான்.