பதில் லாக்கில் இருக்கிறது

என் தங்கை மகனை நாங்கள் 'பதிவு' என்றுதான் கூப்பிடுவோம். கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைப்பான். தன் கல்யாணத்தில்கூட யார் எப்போது வந்தார்கள் என்று போனில் தட்டிக்கொண்டிருந்தான். பெண் மேடையில் தனியாக நின்றாள். மனைவி சொல்வதையெல்லாம் இன்றைக்கும் கவனமாகக் கேட்டுக்கொள்வான். பதில்தான் வராது.

இந்த மகானுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நிறுவனத்தில் நான் தலைமை நர்ஸ்; அந்த நிறுவனத்துக்குச் செயலி செய்து கொடுத்தவன் அவன்தான். பராமரிப்புப் பெண் காலையில் நோயாளியின் சர்க்கரை அளவைச் செல்போனில் அனுப்புவாள். டாக்டர் வகுத்துக் கொடுத்தபடி எவ்வளவு இன்சுலின் போட வேண்டும் என்று சர்வர் கம்ப்யூட்டர் பதில் அனுப்பும். ஒழுங்காகத்தான் ஓடியது. அது இவனுக்குப் பொறுக்கவில்லை. வருகிற கோரிக்கை, போகிற பதில் இரண்டையும் ஒன்று விடாமல் 'லாக்' என்கிற கம்ப்யூட்டர் பதிவேட்டில் எழுதும்படி நடுவில் ஒரு நிரலைச் செருகினான்.

மறுநாள் காலை எங்கள் நோயாளியான ஒரு தையல்காரர் வீட்டிலிருந்து பராமரிப்புப் பெண் கூப்பிட்டாள்.

"அம்மா, டோஸ் வர்ற இடம் காலியா இருக்கு. இன்னைக்கு ஊசி வேண்டாம்னு அர்த்தமா?"

"சர்க்கரை எவ்வளவு?"

சொன்னாள். அந்த அளவுக்கு ஊசி இல்லாமல் சாப்பிட்டால் மனிதர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்.

"காலின்னா காலி, அவ்வளவுதான். வேண்டாம்னு யார் சொன்னா? அவரைச் சாப்பிட விடாதே. இதோ கேட்டுச் சொல்றேன்."

அதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் இதே புகார் வந்தது. பதிவைப் போனில் பிடித்தேன்.

"பெரியம்மா, லாக்கைப் பாத்துட்டேன். கோரிக்கை வந்திருக்கு, பதில் போயிருக்கு. டோஸ் பளிச்சுனு இருக்கு. அந்தப் பொண்ணு போன்லதான் ஏதோ கோளாறு."

"எல்லா வீட்டுலயும் போன் ஒரே நாள்ல கெட்டுப்போச்சாடா?"

"லாக்ல சரியா இருக்கே!"

"லாக்குக்காடா சர்க்கரை வியாதி? போனை வை."

டாக்டரையே கூப்பிட்டு எல்லா வீட்டுக்கும் அளவைக் கேட்டுச் சொன்னேன். தையல்காரருக்கு ஊசி ஏறியது. எங்கள் பரம்பரையையே திட்டிக்கொண்டு தாமதமாகச் சாப்பிட்டார்.

குற்றத்தைக் கண்டுபிடித்தது பதிவின் பக்கத்து மேசைக்காரர். இவன் செருகிய நிரல், பதிலை வழியில் பிடித்து லாக்கில் எழுதும். பிறகு அதைச் செல்போனுக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளுகிற ஒற்றை வரியை இவன் எழுதவே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் மருந்தைக் கொடுக்காமலே கொடுத்ததாக எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும். இவர்கள் தொழிலில் அதற்கு 'பக்', அதாவது பூச்சி, என்று செல்லப் பெயர்.

அவனைத் தையல்காரர் வீட்டுக்கு இழுத்துப்போய் நிறுத்தினேன். கட்டிலருகே நின்று விளக்கம் கொடுத்தான்.

"பதில் வந்துச்சுங்க. நாங்க அதை முழுசா பதிஞ்சும் வச்சோம். உங்க பக்கம் அனுப்புறதுலதான் சின்னதா..."

தையல்காரர் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அதாவது, எங்களுக்கு வந்ததை வழியில மறிச்சு நீங்க படிச்சிட்டு, எங்களை வெறுங்கையோட உக்கார வச்சீங்க. அதைச் சொல்ல இவ்வளவு இழுவையா?"

தையல்காரர் படுத்தபடியே என்னிடம் சொன்னார்: "இனிமே டாக்டரே கூப்பிட்டுச் சொல்லட்டும்மா. இந்தத் தம்பியை நம்பி நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

இப்போது அந்த வீட்டுக்கு டாக்டர்தான் தினமும் போனில் சொல்கிறார். பதிவு, விட்டுப்போன அந்த வரியை அன்றைக்கே சேர்த்துவிட்டான். அதை யாரும் பாராட்டவில்லை என்று என் தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறான்.