சில்லுக்கடியில் தேசிக்காய்

கனடாவின் விட்பி நகரில் மகளின் புதுக் கார் தேசிக்காயை நசித்து நகர்ந்தது. அந்த எலுமிச்சைப் புளிப்பு வாசத்தோடு எனக்குத் துருவின் நெடியும் வந்தது.

தொண்ணூறுகளில், எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுக் கராஜில் துருப்பிடித்த பழைய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. அதைத் திருத்தி ஓட்டுவதே அப்பாவின் ஆசை. ஞாயிறு முழுக்கக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பார். சாப்பிட வரும்போது அவர் புருவமெல்லாம் செந்தூள். அம்மாவோ வெள்ளிதோறும் முன்சில்லின் கீழ் புதுத் தேசிக்காய் வைப்பார்.

“முதல்ல ஓடட்டும், பிறகு வையுமன்,” என்பார் அப்பா.

“இஞ்சேருங்கோ, வைச்சாத்தானே ஓடும்.”

கார் ஓடவில்லை. அப்பா இறந்த பிறகும் அம்மா தேசிக்காய் வைத்தார். கடைசியில் பழைய இரும்புக்கு எடுக்க லொறி வந்தது. சங்கிலி இழுக்க, சில்லு மெல்ல உருண்டு காயை நசித்தது.

அம்மா வெறும் கராஜைப் பார்த்துச் சொன்னார்: “இஞ்சேருங்கோ, ஓடுது.”